உப்புத்தண்ணி ஊர்ல மூணாவது ஹீட்டர், எதை வாங்குறது?

23 நவம்பர் 2024, இரவு 10.40

ராமநாதபுரம் மாவட்டம் கீழக்கரையில இருந்து எழுதுறேன், தெரிஞ்சவங்க கீழ பதில் எழுதுங்க, நடக்குறதை நானும் தேதி போட்டு இங்கேயே எழுதிக்கிட்டு வர்றேன். பாத்ரூம் ஹீட்டர் ஓட்டையாயிருச்சு. 25 லிட்டர், உள்ளுக்குள்ள கிளாஸ் லைனிங் போட்டதுன்னு சொல்லி 2019 ஏப்ரல்ல வாங்குனது, டேங்குக்கு அஞ்சு வருசம் வாரன்ட்டி, அது முடிஞ்சு ஏழாவது மாசம் அடியில சொட்ட ஆரம்பிச்சு நேத்து ராத்திரி பாத்ரூம் தாண்டி ரூம் வரைக்கும் தண்ணி. அதுக்கு முந்துனது நாலே வருசத்துல போச்சு. இப்ப வாங்கப்போறது மூணாவது. திரும்பவும் அதே மாதிரி 25 லிட்டரே வாங்கலாமா, 15 போதுமா, தண்ணி ஓட ஓடச் சுடுற இன்ஸ்டன்ட் வாங்கலாமா, இல்ல மாடியில சோலார் போட்டுறலாமா? கையில 12,000 ரூபா இருக்கு.

வெயில் ஊர்ல ஹீட்டர் எதுக்குன்னு கேக்குறவங்களுக்கு: உம்மாவுக்கு 71 வயசு, ரெண்டு முழங்காலும் வலி, சுபுஹுத் தொழுகைக்கு விடியக்காலையில எந்திரிச்சு பச்சத்தண்ணியில ஒளு எடுத்தா (தொழுகைக்கு முன்னாடி கை, முகம், கால் கழுவுறது) கைவிரல் மடக்க முடியல. வாடைக்காத்து அடிக்கிற இந்த மூணு மாசமும் அவுகளுக்கு வெந்நி இல்லாம முடியாது. நாங்க மத்தவங்க எல்லாம் பச்சத்தண்ணிதான்.

வீட்டுல குளிக்க, புழங்க போர் தண்ணி, உப்பு. குடிக்கச் சமைக்க காவிரித் தண்ணி, வந்தா சம்ப்ல பிடிச்சு வச்சுக்குவோம்.

24 நவம்பர் 2024, மதியம்

எல்லாரும் முதல்ல கேக்குறது கம்பெனி பேரு. அதை எழுத மாட்டேன், இன்னைக்குக் காலையில அதைக் கழட்டிப் பாத்த பிறகு குத்தத்தை முழுசா அவங்க மேல போட மனசு வரல.

சுவத்துல இருந்து இறக்குறதுக்கே ரெண்டு பேரு வேண்டியிருந்துச்சு. தண்ணியெல்லாம் வடிச்ச பிறகும் அந்தக் கனம். அடியில ஃபிளாஞ்சைக் (காயில் பூட்டியிருக்கிற மூடித் தகடு) கழட்டுனதும் வெள்ளைச் சில்லு சில்லா உப்பு கொட்டுது, அரை வாளிக்கு மேல இருந்துச்சு. காயிலைச் சுத்தி முறுக்கு மாதிரி கெட்டியா ஒட்டியிருக்கு, ஸ்க்ரூ டிரைவரால தட்டித்தான் எடுத்தேன். அப்புறம் அதே ஃபிளாஞ்ச்ல காயிலுக்குப் பக்கத்துல ஒரு கம்பி நீட்டிக்கிட்டு இருந்துச்சு, சைக்கிள் போக்ஸ் கம்பி கனத்துக்கு. எனக்கு அது என்னன்னே தெரியல. போட்டோ எடுத்து ஜுபைல்ல இருக்கிற மச்சானுக்கு அனுப்புனேன், சவூதியில கடல்தண்ணியக் குடிதண்ணி ஆக்குற பிளான்ட்ல பதினோரு வருசமா வேலை, உடனே வாய்ஸ் போட்டாக: "மாப்ள, அது ஆனோட் ராடு. வாங்குனப்ப கட்டைவிரல் கனம் இருந்திருக்கும். அது கரைஞ்சு முடிஞ்சதுக்கப்புறம்தான் டேங்க் கரைய ஆரம்பிச்சிருக்கு."

மெக்னீசியம் ராடு அது. இரும்பு டேங்குக்குள்ள கண்ணாடிப் பூச்சு இருந்தாலும் வெல்டிங் ஓரத்துல, மூலையில எல்லாம் பொடிப்பொடி இடைவெளி இருக்கத்தான் செய்யும். அங்க தண்ணி இரும்பைத் தின்ன வரும்போது இரும்புக்குப் பதிலா இந்த மெக்னீசியம் கரைஞ்சு கொடுக்கும். ஸ்டீல் போட்டுல சுக்கான் பக்கத்துல ஜிங்க் கட்டி அடிச்சிருப்பாகளே, அதே வேலைதான். போட்டுக்காரவுக அதை மறக்காம மாத்துறாக. நான் அஞ்சு வருசத்துல ஒரு தடவை கூடத் திறந்து பாக்கல. 2021ல தெர்மோஸ்டாட் மாத்த வந்த சர்வீஸ் தம்பியும் இதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல, எனக்கும் கேக்கத் தெரியல. 300, 400 ரூபா சாமான். இதைத்தான் நினைச்சு நினைச்சு வயிறு எரியுது.

வாரன்ட்டி கார்டையும் எடுத்துப் படிச்சேன், இப்பத்தான் முதல் தடவையா. பொடி எழுத்துல இருக்கு, தண்ணியோட டிடிஎஸ் (ஒரு லிட்டர்ல உப்பு வகையெல்லாம் எத்தனை மில்லிகிராம் கரைஞ்சிருக்குங்கிற கணக்கு) ஒரு அளவுக்கு மேல போனா டேங்க் வாரன்ட்டி செல்லாதாம். கடையில விக்கிறப்ப என் தண்ணி என்ன தண்ணின்னு யாரும் கேக்கல.

24 நவம்பர் 2024, இரவு

டிடிஎஸ் மீட்டர் பக்கத்து வீட்டுல வாங்கி அளந்தேன். போர் 2,840. சம்ப்ல உள்ள காவிரி 310. புதன்கிழமை கொட்டுன மழையில மாடித்தண்ணி ஒரு டிரம் பிடிச்சு வச்சிருந்தோம், அது 40. (அன்னைக்கு ராமேஸ்வரத்துல 40 சென்டிமீட்டருக்கு மேல பேஞ்சதுன்னு சொன்னாங்க, தங்கச்சிமடம் பாம்பன் பக்கம் வீட்டுக்குள்ள தண்ணி ஏறுன சொந்தக்காரங்க இன்னும் சாமானைக் காயவச்சுக்கிட்டு இருக்காங்க. அவங்க கஷ்டத்துக்கு முன்னாடி என் ஹீட்டர் பெருசில்ல.)

குடிதண்ணிக்கு இந்தியத் தரத்துல டிடிஎஸ் 500, வேற தண்ணியே கிடைக்காத இடத்துல 2,000 வரைக்கும். என் போர் அதையும் தாண்டி நிக்குது. இதைப் போய் ஹீட்டர்ல ஊத்திச் சுடவச்சிருக்கேன்.

26 நவம்பர் 2024

தொண்டிக்காரர் "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்க் வாங்குங்க, துருவே பிடிக்காது"ன்னு எழுதியிருக்காரு. நானும் அப்படித்தான் நினைச்சேன், நேத்து ராம்நாட் போயி அரண்மனைப் பக்கம் கடையில விலை கூடக் கேட்டுட்டு வந்துட்டேன். ராத்திரி மச்சான்கிட்ட சொன்னதுக்கு, எந்த ஸ்டீல் 304ஆ 316ஆன்னு ஒரே கேள்விதான் கேட்டாக. கடைக்காரருக்குத் தெரியல, ஸ்டீல்னா ஸ்டீல்தான்னாரு.

விசயம் என்னன்னா, பாத்திரக்கடை எவர்சில்வர் ரகம் 304. உப்புல உள்ள குளோரைடு கூடுதலா இருந்து தண்ணியும் சூடா இருந்தா 304ல ஊசி குத்துன மாதிரி ஓட்டை விழும், வெளியில பளபளன்னு இருக்கும், ஒரு புள்ளியில மட்டும் ஆழமா இறங்கிப்போயிரும். வெல்டிங் அடிச்ச இடத்துல இன்னும் சீக்கிரம். 316ல மாலிப்டினம்னு ஒன்னு சேத்திருப்பாங்க, அது தாக்குப்பிடிக்கும், ஆனா அதுக்கும் எல்லை இருக்கு. மச்சான் வேலை பாக்குற மாதிரி இடத்துல சூடான கடல்தண்ணி ஓடுற குழாயெல்லாம் டைட்டானியம், இல்லன்னா செம்பும் நிக்கலும் கலந்ததுதானாம். "அங்க நாங்க பயப்படுற சாமானை நீ நம்பிக்கையா பாத்ரூம்ல மாட்டப் போறியா"ன்னு கேட்டாக.

நல்ல தண்ணி உள்ள ஊர்க்காரங்க ஸ்டீல் டேங்க் தாராளமா வாங்கலாம். நம்ம போர் தண்ணிக்கு 304 வேணாம். அட்டையில 316ன்னு எழுத்துல இருந்தா யோசிக்கலாம், வாயில சொல்றதை நம்ப வேணாம்.

27 நவம்பர் 2024

முந்தாநாள் வரைக்கும் நான் டிடிஎஸ், டிடிஎஸ்னு எழுதுனது முழுசா சரியில்ல. ஏர்வாடி தங்கச்சி ஒன்னு நல்லா எடுத்துச் சொல்லியிருக்கு. டிடிஎஸ்ங்கிறது கரைஞ்ச எல்லாத்தையும் மொத்தமாச் சொல்ற கணக்கு. அதுக்குள்ள ரெண்டு எதிரி இருக்கு. ஒன்னு சோறு உப்பு வகை, குளோரைடு, அது இரும்பைத் தின்னும், படியாது. இன்னொன்னு சுண்ணாம்பு வகை, கடினத்தன்மைன்னு சொல்றது, அது சூடு பட்டதும் படியும், காயிலை மூடும். நாக்குல உப்புக் கரிக்கிறது முதலாவது. சோப்பு நுரைக்காம தலை பிசுபிசுன்னு ஒட்டுறது ரெண்டாவது. சில ஊர்ல ஒன்னு மட்டும் இருக்கும். நம்ம கரையில பெரும்பாலும் ரெண்டும் சேந்தே வருது.

ராமநாதபுரத்துல குடிநீர் வடிகால் வாரிய லேப்ல பணம் கட்டுனா டெஸ்ட் பண்ணித் தர்றாங்க. ஒரு கேன்ல கொண்டுபோய்க் கொடுத்திருக்கேன்.

30 நவம்பர் 2024

இன்ஸ்டன்ட் பத்தி மூணு பேரு கேட்டிருக்கீங்க, அதுக்கு உக்காந்து கணக்குப் போட்டேன், இது நம்ம ஊருக்குன்னு தனியாப் போட வேண்டிய கணக்கு.

3 கிலோவாட் இன்ஸ்டன்ட். கொடைக்கானல்ல குழாய்த்தண்ணி 12 டிகிரின்னு வைங்க, 40க்குக் கொண்டுவர 28 டிகிரி ஏத்தணும், நிமிசத்துக்கு ஒன்றரை லிட்டர்தான் வரும், நூல் மாதிரி. நம்ம வீட்டுல காலையில அஞ்சு மணிக்கு டேங்க் தண்ணிய உம்மாவோட காய்ச்சல் பாக்குற தெர்மாமீட்டர்ல பாக்க முடியல, அது 32க்குக் கீழ காட்டாது, பிள்ளையோட ஸ்கூல் லேப் தெர்மாமீட்டரை வச்சுப் பாத்தேன், 26. ஏத்த வேண்டியது 14 டிகிரிதான். அப்ப நிமிசத்துக்கு 3 லிட்டர் வரும், ஆறு நிமிசத்துல ஒரு வாளி. மலையூர்க்காரங்க "இன்ஸ்டன்ட்டா, வேஸ்ட்டு"ன்னு எழுதுறது அவங்க ஊருக்குச் சரி. கடற்கரைக்கு இன்ஸ்டன்ட் நல்லாவே எடுக்கும்.

ஆனா ரெண்டு கஷ்டம். 3 கிலோவாட்டுக்கு 13 ஆம்பியர் இழுக்கும், 16 ஆம்பியர் பிளக்கும் தடிமனான ஒயரும் தனி எம்சிபியும் (கரண்ட் அளவு மீறுனா தானா அணையுற சுவிட்ச்) வேணும், எங்க வீடு 1998ல கட்டுனது. அடுத்தது வோல்டேஜ். எங்க தெருவுல 190க்கு இறங்குறது உண்டு. 230க்குப் போட்ட காயில் 190ல மூணுல ரெண்டு பங்குதான் சுடும், நிமிசத்துக்கு 3 லிட்டர்னு சொன்னது 2 ஆயிரும். அதோட சின்ன டேங்க், சின்ன காயில், போர் தண்ணி ஊத்துனா சுண்ணாம்பு கட்டி ஒரு வருசத்துல மூச்சு முட்டிரும்.

30 நவம்பர் 2024, கொஞ்ச நேரம் கழிச்சு

கேஸ் கீசரை எழுதினவருக்கு: வேணாம். கதவைச் சாத்துன பாத்ரூமுக்குள்ள கேஸ் எரிஞ்சா கார்பன் மோனாக்சைடு சேரும், வாசனை இருக்காது, நிறம் இருக்காது, மயக்கம் வர்றதுக்குள்ள எந்திரிக்கவே முடியாது. இதுல செத்தவங்க இருக்காங்க. வெளிச்சுவத்துல, காத்தாட மாட்டுனா வேற பேச்சு. உள்ள மாட்டிருக்கிறவங்க இன்னைக்கே கழட்டுங்க, ஜன்னல் இருக்குன்னு சொல்லாதீங்க, கொசுவலையும் அட்டையும் அடிச்ச ஜன்னல் ஜன்னல் இல்ல.

3 டிசம்பர் 2024

இன்னைக்கு நடந்தது எழுதணும். ஹீட்டர் இல்லாத இந்தப் பத்து நாளும் வாளியில வெந்நி ராடு போட்டு ஓட்டுறோம். காலையில உம்மா சுவிட்சை அணைக்காமலே வாளியைத் தொட்டிருக்காக. "கை விர்ருன்னுச்சு"ன்னாக. அல்லாஹ் காப்பாத்துனான். எனக்கு அதுக்கப்புறம் சோறு இறங்கல.

எலக்ட்ரீஷியனை வரவச்சு முழு வீட்டையும் பாத்தோம். எர்த் ஒயர் பேருக்குத்தான் இருக்கு, குழியில பிளேட்டோட சேர்ற இடத்துல உப்புக்காத்துல அரிச்சு விட்டுப்போயிருக்கு. எத்தனை வருசமா இப்படி இருந்துச்சோ. புதுசா எர்த் குழி போட்டாச்சு, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே அணையுற சுவிட்ச்) மாட்டியாச்சு, பாத்ரூமுக்கு 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் தனியா இழுத்தாச்சு. ஹீட்டருக்கு வச்சிருந்த 12,000ல பாதி இதுலயே போயிருச்சு, பரவாயில்ல. உப்புத்தண்ணியில கரண்ட் நல்ல தண்ணியில ஓடுறதை விடச் சுலபமா ஓடும். காயில் மேல ஒரு கீறல் விழுந்தா போதும்.

ஹீட்டர் எதுன்னு என்கிட்ட கேக்குறவங்க முதல்ல எர்த்தைப் பாருங்க, ஆர்சிசிபியில டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்க, டிரிப் ஆகுதான்னு. வெந்நி ராடு போடுறவங்க சுவிட்சை அணைச்சு, பிளக்கையும் உருவிட்டுத்தான் தண்ணியத் தொடணும், வயசானவங்க இருக்கிற வீட்டுல ராடே வேணாம். எங்க வீட்டு ராடை வெட்டித் தூக்கிப் போட்டுட்டேன். அடுப்புலதான் இப்ப வெந்நி.

8 டிசம்பர் 2024

லேப் ரிசல்ட்டு வந்துருச்சு. லிட்டருக்கு மில்லிகிராம் கணக்குல குளோரைடு 1,180, கடினத்தன்மை 740. வேற வழியே இல்லாத தண்ணிக்கு வச்சிருக்கிற எல்லையே 1,000மும் 600மும்தான். ரெண்டு எதிரியும் எங்க போர்ல இருக்கு.

சோலார் பத்தி. பெரியபட்டினத்துல சாச்சா (சித்தப்பா) வீட்டுல கண்ணாடிக் குழாய் வச்ச 100 லிட்டர் சோலார் இருக்கு, நேத்துப் போய் மாடியேறிப் பாத்தேன். தண்ணி நல்ல சூடு, அதுல குறையே இல்ல, கமுதியில 648 மெகாவாட்டுக்கு சோலார் போட்டிருக்கிற மாவட்டம் நம்ம மாவட்டம், வெயிலுக்கா பஞ்சம். ஆனா கடல் அரை கிலோமீட்டர். ஸ்டாண்டு கால் ரெண்டு துருப்பிடிச்சுப் பொரியாட்டம் உதிருது, கம்பி கட்டி நிறுத்தி வச்சிருக்காக. புயல் எச்சரிக்கை வந்தா சாச்சாவுக்குத் தூக்கம் கிடையாது. அவுக வீட்டுல ஒன்பது பேரு, எல்லாரும் வெந்நி குளிக்கிறாக, அவுகளுக்கு அது லாபம். எங்க வீட்டுல ஒரே ஆளு, அதுவும் வருசத்துல மூணு நாலு மாசம். செம்புக்குழாய் வச்ச தட்டை மாடல் சோலார்னா நம்ம தண்ணியில குழாய் அடைச்சுக்கும், அது இன்னும் தோது இல்ல.

12 டிசம்பர் 2024

ராத்திரி தூக்கம் வராம யோசிச்சதுல ஒன்னு புரிஞ்சுச்சு. இத்தனை நாளா எந்த ஹீட்டர் எங்க தண்ணியத் தாங்கும்னே தேடுறோம். உம்மாவுக்கு எவ்வளவு வெந்நி வேணும்னு அளக்கவே இல்ல.

அளந்தேன். ஒரு வாளி, 18 லிட்டர், 40 டிகிரி இருந்தா அவுகளுக்குக் குளிக்கச் சரியா இருக்கு. அந்த 18 லிட்டரும் ஹீட்டர்ல இருந்து வரணும்னு இல்லையே, 60 டிகிரி வெந்நி ஏழரை லிட்டர் போதும், மிச்சம் பத்தரை லிட்டர் போர் குழாயில இருந்து பச்சத்தண்ணி விளாவிக்கலாம். ஒளுவுக்கு ஒரு சின்னச் செம்பு. மொத்தத்துல ஒரு நாளைக்கு ஒன்பது லிட்டர். அரைக் குடத்துக்குக் கொஞ்சம் கூட.

அப்ப ஹீட்டருக்குள்ள போர் தண்ணியே போக வேண்டியதில்ல. ஹீட்டருக்கு மட்டும் தனியா ஒரு டிரம், அதுல காவிரித் தண்ணி இல்லன்னா மழைத்தண்ணி. 25 லிட்டர் ஹீட்டரும் வேணாம். 10 லிட்டர் போதும்.

13 டிசம்பர் 2024

இதை வீட்டுல சொன்னதும் என் மனைவிக்குக் கோவம் வந்துருச்சு. "குடிக்கிற தண்ணிய குளிக்க ஊத்துவீங்களா? தண்ணி வராத வாரம் குடம் பத்து ரூபான்னு வண்டியில வாங்குனதை மறந்துட்டீங்களா?" நியாயம். எங்க வீட்டுக்குக் குழாய் வர்றதுக்கு முன்னாடி அவதான் இடுப்புல குடம் சுமந்தவ, நான் அப்ப துபாய்ல இருந்தேன். தண்ணி விசயத்துல அவ சொன்னதுக்கு மேல நான் பேசக்கூடாது.

உம்மா கேட்டுக்கிட்டே இருந்துட்டு, "எனக்கு வெந்நியே வேணாம், புள்ளைக குடிக்கட்டும்"னுட்டாக. அதுக்கப்புறம் என் மனைவியே வந்து சொன்னா, மழைக்காலத்துல மாடித்தண்ணி, அது தீந்தா மட்டும் காவிரி, அதுவும் உம்மாவுக்கு மட்டும், வேற யாரும் அந்தப் பைப்பைத் திறக்கக்கூடாது. ஒத்துக்கிட்டேன்.

14 டிசம்பர் 2024

திருத்தம். வெறும் மழைத்தண்ணியா ஊத்தலாம்னு நினைச்சேன். அதுவும் சரியில்லையாம். மண்டபத்துக் காக்கா (அண்ணன்) ஒருத்தர் எழுதியிருக்காக, மச்சானும் அதையேதான் சொன்னாக: தண்ணியில உப்பே இல்லன்னா கரண்ட் ஓடாது, ஆனோட் ராடு டேங்க்கைக் காப்பாத்துறதே அந்தக் கரண்ட்டாலதான், ஆர்.ஓ. தண்ணியும் இதே கதை. அதனால மழைத்தண்ணியில காவிரியைக் கலந்து டிடிஎஸ்ஸை 150, 200க்குக் கொண்டுவந்து ஊத்தணும். ரொம்ப உப்பு இருந்தா ராடு சீக்கிரம் கரையும், உப்பே இல்லன்னா ராடு சும்மா நிக்கும், டேங்க் அடிவாங்கும்.

5 ஜனவரி 2025

வாங்கி மாட்டியாச்சு. 10 லிட்டர், 2 கிலோவாட், கிளாஸ் லைனிங், மெக்னீசியம் ராடு, 6,300 ரூபா. வாங்கும்போது பாத்தது இதுதான், வரிசையெல்லாம் இல்ல, ஞாபகம் வந்தபடி எழுதுறேன்.

வெளிக்கூடு பிளாஸ்டிக். போன ஹீட்டருக்குத் தகரக்கூடு, பெயின்ட்டுக்கு அடியில துரு கொப்புளம் கொப்புளமா வந்துச்சு, ஜன்னல் வழியா வர்ற உப்புக்காத்துதான். ஐஎஸ்ஐ முத்திரை, ஸ்டோரேஜ் ஹீட்டருக்கு 2082ங்கிற நம்பர், இன்ஸ்டன்ட்டுக்கு 8978. ஆனோட் ராடு தனியாக் கிடைக்குமான்னு கடையில கேட்டேன், ஒன்னு கையோட வாங்கி வச்சுக்கிட்டேன், ஃபிளாஞ்ச்ல தண்ணி கசியாம இருக்க வைக்கிற ரப்பர் கேஸ்கெட்டும்.

ஸ்டார் பத்தி நிறைய பேரு அடிச்சுக்கிறீங்க. அந்த ஸ்டார் சொல்றது சூடான தண்ணி சும்மா இருக்கும்போது எவ்வளவு சூடு வெளியில போகுதுங்கிறதைத்தான். தண்ணியச் சுடவைக்க ஆகுற கரண்ட் எந்த ஸ்டாருக்கும் ஒன்னுதான். நாள் பூரா ஆன்ல விடுறவங்களுக்கு அஞ்சு ஸ்டார் லாபம். குளிக்க கால் மணி முன்னாடி போட்டு அணைக்கிறவங்களுக்கு ரெண்டு மூணு ஸ்டாருக்கு மேல கூடக் காசு கொடுத்துப் பிரயோஜனம் கம்மி.

பைப் வேலை: வெந்நிக்கு சிபிவிசி (சூடு தாங்குற பிளாஸ்டிக் பைப்), சாதா வெள்ளை பிவிசி சூட்டுல தொங்கிரும். ஹீட்டர் வாயில ஜிஐ (துத்தநாகம் பூசுன இரும்பு) நிப்பிள் போட வந்த ப்ளம்பர் தம்பியை நிறுத்தி பித்தளை போடச் சொன்னேன். ரெண்டு பக்கமும் யூனியன், திறந்து மூட வால்வு, அப்பத்தான் கழட்டிச் சுத்தம் பண்ணத் தோது. 100 லிட்டர் டிரம் பாத்ரூம் மேல. ஒன்னு கவனிங்க, இந்தத் தனி லைனையும் போர் லைனையும் ஒரே மிக்சர்ல சேக்கக்கூடாது, பெரிய டேங்க் உயரத்துல இருந்து வர்ற போர் தண்ணி தள்ளிக்கிட்டு ஹீட்டருக்குள்ளயே போயிரும். வெந்நிக்குத் தனிப் பைப், வாளியில விளாவிக்கிறோம். ஷவருக்கு டிரம் உயரம் காணாது, உம்மாவுக்கு ஷவர் தேவையும் இல்ல.

முதல் தடவை பைப்பைத் திறந்து தண்ணி தொடர்ச்சியாக் கொட்டுன பிறகுதான் சுவிட்சைப் போட்டேன். காலி டேங்க்ல காயில் எரிஞ்சா அன்னைக்கே போயிரும்.

9 ஜனவரி 2025

சேஃப்டி வால்வ்ல சொட்டுது, ஓட்டையான்னு கேட்டவருக்கு: சூடாகும்போது தண்ணி விரியும், அந்தக் கூடுதலை அது வெளிய விடும், சொட்டத்தான் செய்யும். அதை எம்சீல் வச்சு அடைச்சேன்னு எழுதியிருக்கீங்க, தயவுசெஞ்சு இன்னைக்கே எடுத்துருங்க. அந்த வழி அடைச்சு தெர்மோஸ்டாட்டும் மாட்டிக்கிச்சுன்னா டேங்க் வெடிக்கும். ஒரு சின்னக் குழாயை மாட்டி சாக்கடைப் பக்கம் விடுங்க. விடாம ஒழுகிக்கிட்டே இருந்தா மட்டும் வால்வை மாத்துங்க.

6 மார்ச் 2025

நோன்பு ஆரம்பிச்சு அஞ்சு நாளாச்சு. விடியுறதுக்கு முன்னாடி சஹர் சாப்பாட்டுக்கு எந்திரிக்கும்போது என் மனைவி சுவிட்சைப் போடுறா, எல்லாரும் சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள சூடாகி அதுவே அணைஞ்சிருது. உம்மா பாங்கு சொல்றதுக்கு முன்னாடியே ஒளு எடுத்துட்டு உக்காந்திருக்காக. நேத்து தஸ்பீஹு மணியை விரல்ல உருட்டுறதைப் பாத்துக்கிட்டே நின்னேன். பச்சத்தண்ணியில ஒளு எடுத்தா காலையில அவுகளால மணி உருட்ட முடியாது.

சின்ன மீட்டர் ஒன்னு மாட்டிப் பாத்தேன். 10 லிட்டரை 26ல இருந்து 60க்கு ஏத்த 12 நிமிசம், 0.4 யூனிட். ரெண்டு மாசத்துக்கு 24 யூனிட். பழைய 25 லிட்டரை நாங்க அணைக்காம விடுவோம், பில்லு 500 யூனிட்டைத் தாண்டிப்போகும். 500ஐத் தாண்டுனா இப்ப இருக்கிற கணக்குல 101ல இருந்து 200 வரைக்கும் உள்ள யூனிட்டோட ரேட்டே ரெட்டிப்பாயிரும், அதை நினைச்சா 24 யூனிட் ஒன்னும் இல்ல.

சூட்டைப் பத்தி ஒரு திருத்தமும் சொல்லணும். தனியா மெசேஜ்ல கேட்ட ரெண்டு பேருக்கு, சுண்ணாம்பு படியாம இருக்க 45ல வைங்கன்னு சொல்லிட்டேன். அது தப்பு. 20க்கும் 45க்கும் நடுவுலதான் லெஜியோனெல்லாங்கிற கிருமி தண்ணியில வளரும், நெஞ்சுச்சளியாகி நிமோனியா வரைக்கும் போகும், வயசானவங்களுக்கு ஆபத்து. 60ல வைங்க, சுட்டுறாம இருக்க வாளியில முதல்ல பச்சத்தண்ணி விட்டு அப்புறம் வெந்நி விடுங்க. சுண்ணாம்புக்கு மருந்து தண்ணிய மாத்துறதுதான், சூட்டைக் குறைக்கிறது இல்ல.

11 ஏப்ரல் 2025

பெருநாளைக்கு வந்த மச்சானை ராமேஸ்வரம் கூட்டிட்டுப் போனேன். போன ஞாயித்துக்கிழமைதான் புதுப் பாம்பன் பாலத்தைத் திறந்தாங்க. ரோட்டுப் பாலத்துல வண்டிய நிறுத்தவிடல, மெதுவாப் போய்க்கிட்டே பாத்தோம். பக்கத்துல 1914ஆம் வருசத்துப் பழைய பாலம், எத்தனை தடவை பெயின்ட் அடிச்சிருப்பாங்க, எத்தனை தகடு மாத்தியிருப்பாங்க. புதுசுக்குக் கான்கிரீட்டுக்குள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியே போட்டிருக்காங்களாம், மேல பாலிசிலாக்சேன்னு ஒரு பெயின்ட். மச்சான் வாயை மூடாம அந்தப் பெயின்ட்டைப் பத்தியே பேசிக்கிட்டு வந்தாக, அக்காவுக்குத் தொதல் (அல்வா மாதிரி எங்க ஊரு இனிப்பு) வாங்குறதையே மறந்துட்டோம், திரும்ப ஊருக்கு வந்துதான் வாங்குனோம்.

வீட்டுக்கு வந்ததும் மச்சான் முதல்ல போனது பாத்ரூமுக்கு. ஹீட்டரைத் தட்டிப் பாத்துட்டு ஆனோட்டை எப்பத் திறக்கப் போறேன்னு கேட்டாக. நவம்பர்னு சொன்னேன். காலண்டர்ல அவுகளே வட்டம் போட்டுட்டுப் போயிருக்காக.

16 நவம்பர் 2025

வட்டம் போட்ட தேதி வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிஞ்சு வந்து கரண்டை எம்சிபியிலயே அணைச்சு, தண்ணிய வடிச்சு, அஞ்சு நட்டைக் கழட்டி ஃபிளாஞ்சை இறக்குனேன். பத்து மாசம். ராடு மேல சொரசொரன்னு பள்ளம் விழுந்திருக்கு, ஆனா கனம் முக்கால்வாசி அப்படியே இருக்கு. காயில்ல மெல்லிசா வெள்ளைப் பூச்சு, வினிகர் நனைச்ச துணியால துடைச்சேன், போயிருச்சு. டேங்க் அடியில ஒரு கைப்பிடி மண்டி, அவ்வளவுதான். போன தடவை அரை வாளி.

ராடை மாத்தல, இன்னும் ஒரு வருசம் ஓடும். கேஸ்கெட்டைத்தான் விட்டுட்டேன். பழசையே திரும்பப் போட்டு இறுக்குனா ஓரத்துல கசியுது. ஜனவரியில வாங்கி வச்ச புதுசைத் தேடுறேன் தேடுறேன் கிடைக்கல, இங்க கடையில அந்த அளவு இல்ல, நேத்து ராம்நாட் போயி வாங்கிட்டு வந்து மாட்டுனேன். ரெண்டு நாள் உம்மாவுக்கு அடுப்பு வெந்நி. கழட்டப் போறவங்க கேஸ்கெட்டைக் கையில வச்சுக்கிட்டு முதல் நட்டுல ஸ்பேனரை வைங்க. அந்த ஏர்வாடி தங்கச்சி ராடு நீளம் கேட்டிருந்துச்சு, மாடலுக்கு மாடல் மாறும்மா, உன் ஹீட்டர்ல இருக்கிறதைக் கழட்டிக் கடைக்குக் கொண்டுபோயே வாங்கு.